ஒட்டு விடவில்லை, பக்கத்து இரும்புதான் விட்டது

"மாமா, மூண்டாந்தரம். ஆனா என்ர ஒட்டு விடேல்லை, பாருங்கோ. பக்கத்து இரும்புதான் விட்டிருக்கு."

மருமகன் இதைச் சொன்னபோது அவன் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. கோண்டாவில் பக்கம் அவனுடைய வெல்டிங் பட்டறை. முன்னால் கிடந்தது உரும்பிராய் வெங்காயத் தோட்டக்காரர் ஒருவரின் லான்ட்மாஸ்ரர் பெட்டி, அதாவது இரண்டு சில்லு உழவு மெசின் இழுக்கும் சுமைப் பெட்டி. முன்புறச் சட்டம் இரண்டாக முறிந்து மூக்குக் குத்திக் கிடந்தது. அவன் சொன்னது சரி. அவன் போட்ட ஒட்டு ஒன்றுகூடக் கழரவில்லை. ஒட்டின் ஓரத்தில் தொடங்கி, ஒட்டாத இரும்புக்குள்ளால் வெடிப்பு போயிருந்தது.

நான் இருபத்தைந்து வருடம் வெளிநாட்டில் விமானப் பராமரிப்புக் கூடங்களில் தகட்டு வேலை செய்தவன். "ஒட்டு விடவில்லை" என்ற இதே வசனத்தை அங்கேயும் கேட்டிருக்கிறேன். ஆகவே முறிந்த சட்டத்தைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்க விடாமல் வாங்கி மேசையில் வைத்து இரண்டு நாள் பார்த்தோம். பார்த்ததையும் அதற்கும் விமான உடலுக்கும் உள்ள உறவையும் இங்கே எழுதுகிறேன்.

முறிந்த கதை

மாட்டு வண்டிலுக்கு ஏர்க்கால் எப்படியோ, இந்தப் பெட்டிக்கு அந்தச் சட்டம் அப்படி. 75 மி.மீ. உயரமான சனல் இரும்பு, 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்த வடிவம்: மேலும் கீழும் விளிம்பு, நடுவில் நிமிர்ந்த தகடு. ஒரு முனை உழவு மெசினில் கொளுவும், மற்ற முனை பெட்டியின் அடியில் அச்சு வரை ஓடும். சுமை இரண்டுக்கும் நடுவில் இருப்பதால் சட்டம் கீழ்நோக்கி வளையப் பார்க்கும். மேல் விளிம்பு நசுங்கும், கீழ் விளிம்பு இழுபடும். வெடிப்புக்குப் பிடித்தது இழுபடும் பக்கம். அதுவோ செம்பாட்டு மண் அப்பி, யாரும் குனிந்து பார்க்காத பக்கம்.

முதல் முறிவு நாலு வருடம் ஓடிய பிறகு. கம்பனியிலிருந்து வந்தபோதே இருந்த முக்கோணத் தகட்டின் முனையில் வெடித்தது. மருமகன் வெடிப்பின்மேல் அப்படியே ஒரு ஒட்டு ஓடவிட்டு அனுப்பினான். ஒன்பது மாதத்தில் அதே இடம். இரண்டாந்தரம் கீழே 6 மி.மீ. தகடு ஒன்றை வைத்து நாலு பக்கமும் சுற்றி ஒட்டினான். அதோடு தோட்டக்காரர் ஒன்று கேட்டிருக்கிறார்: "தம்பி, தண்ணிக் கான் கொழுவ ஒரு கொழுக்கியும் வைச்சுவிடு." மிச்சமிருந்த வெல்டிங் குச்சியால் கீழ் விளிம்பின் ஓரத்தில் ஒரு கொழுக்கியை ஒட்டிவிட்டான். அரை நிமிட வேலை, காசு கூட வாங்கவில்லை.

ஐந்தாம் மாதம் பெட்டி முறிந்தது. தகட்டில் முறியவில்லை, கொழுக்கி ஒட்டிய இடத்தில் முறிந்தது.

முகத்தைக் கழுவாதே

முறிந்த முகத்தைப் பார்க்க உட்கார்ந்ததும் மருமகன் வயர் பிரஸை எடுத்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன். முறிந்த இரும்பின் முகம் அது செத்த கதையை எழுதி வைத்திருக்கிற ஏடு. கம்பியால் உரசினால் எழுத்துப் போய்விடும். இரண்டு துண்டையும் பொருத்திப் பார்க்கவும் கூடாது, அதுவும் அழித்துவிடும். ஒரு பழைய பல் துலக்கும் பிரஸ், மண்ணெண்ணெய், பொறுமை. இவ்வளவுதான் வேண்டும்.

மண் கழன்றதும் மூன்று நிறம் தெரிந்தது. கொழுக்கி ஒட்டின் ஓரத்தில், சின்ன விரல் நகம் அளவுக்கு, கறுத்த பழுப்பு. அதைச் சுற்றி வெளிர் துருவில் வளைவு வளைவாகக் கோடுகள். குருநகர்க் கரையில் பொறுக்கிய மட்டி ஓட்டின் முதுகில் வரி எப்படி இருக்குமோ அப்படி, நகத்திலிருந்து விரிந்து விரிந்து போகின்றன. வழுவழுப்பாக இருந்த இந்தப் பகுதி, விளிம்பின் ஓரத்திலிருந்து சனலின் நடுத் தகட்டுக்குள் ஏறிய தூரம் வரை, கிட்டத்தட்ட 40 மி.மீ. அதற்கு அப்பால் சாம்பல் நிறத்தில் சீனி போல மினுங்கும் கரடுமுரடு. அது கடைசி நாள், ஒரே அடியில் போனது.

மட்டி வரிகள்தான் களைப்பு முறிவின் கையெழுத்து. இரும்பும் களைக்கும். ஒரு தடவையில் முறிக்க முடியாத சுமையை இலட்சம் தடவை ஏற்றி இறக்கினால், ஒவ்வொரு தடவையும் வெடிப்பு கண்ணுக்குத் தெரியாத அளவு நகரும். பெட்டி கொஞ்ச நாள் நின்றால், அல்லது சுமை மாறினால், அந்த இடத்தில் ஒரு வரி விழும். நகம் அளவு கறுத்த துண்டு மிகப் பழையது, அதிகநாள் மழையும் மண்ணும் குடித்தது.

நகத்தின் வேரில் ஒரு கைக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். ஒட்டுக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சிறிய வாய்க்கால். வெல்டர்கள் அண்டர்கட் என்பார்கள். கரண்ட் கூடினாலோ குச்சியை அவசரமாக இழுத்தாலோ விழும். ஆழம் அரை மி.மீ. இருக்கலாம். நல்ல வெல்டர் போட்ட நல்ல ஒட்டின் ஓரத்திலும் மி.மீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு ஆழத்துக்குக் கூரிய கீறல்கள் இருக்கத்தான் செய்யும். அதோடு, உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கப் பார்க்கும். சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு விடாது. அந்த இழுபறி அங்கேயே உறைந்து நிற்கும். சுமை ஏறாத பெட்டியிலும் ஒட்டின் ஓரம் இழுபட்டபடிதான் இருக்கிறது.

இங்கேதான் மருமகனின் பெருமை எனக்குச் சரியாகப் பட்டும் உதவாமல் போனது. ஒட்டு பலமாகத்தான் இருந்தது. பலம் ஒரு கேள்வி, களைப்பு வேறு கேள்வி. "அப்ப இன்னும் நல்ல இரும்பு போடுவமே?" என்றான். போடலாம், ஆனால் ஒட்டியபடியே விட்ட மூட்டில் களைப்பைப் பொறுத்தவரை பிரயோசனம் இல்லை. சாதாரண உருக்கும் விலை கூடிய உருக்கும் ஒட்டின் ஓரத்தில் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் வெடிக்கின்றன. வெடிப்புத் தொடங்கக் காத்திருக்கும் காலம்தான் நல்ல இரும்பின் ஆதாயம். ஒட்டில் அந்தக் காலமே இல்லை, முதல் நாளே கீறல் இருக்கிறது.

கடலில் ஒரு கொழுக்கி

கொழுக்கியைப் பார்த்ததும் எனக்கு நினைவு வந்தது அலெக்சாண்டர் கீலாண்ட். வட கடலில் எண்ணெய்த் தொழிலாளர் தங்குவதற்காக நிறுத்தியிருந்த, ஐந்து கால்களில் மிதக்கும் மேடை. 1980 மார்ச் 27 மாலை, புயலில் ஒரு கால் கழன்று மேடை கவிழ்ந்தது. அதில் இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள்.

முதலில் முறிந்தது கால்களை இணைக்கும் குழாய்களில் ஒன்று. அந்தக் குழாயில், கடலடி ஒலி கேட்கும் ஒரு கருவியைப் பொருத்த, துளை வெட்டி ஒரு சின்னத் தாங்கியை வைத்துச் சுற்றி 6 மி.மீ. அளவில் ஒட்டியிருந்தார்கள். மேடையின் பலத்தைக் கணக்கிட்டவர்கள் அந்தத் தாங்கியைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அது சுமை தாங்கும் உறுப்பு அல்லவே, வெறும் கொழுக்கி. அந்த ஒட்டின் வெடிப்புக்குள் பெயின்ற் இருந்ததை விசாரணையில் கண்டார்கள். பெயின்ற் அடிக்கும்போதே வெடிப்பு அங்கே இருந்திருக்கிறது என்று பொருள். கப்பல் கட்டும் இடத்தை விட்டுக் கிளம்புமுன்பே. பிறகு அலைகள் நாலு வருடத்துக்கும் குறைவான காலத்தில் அதைக் குழாயைச் சுற்றி நடத்தி முடித்தன. அந்தக் குழாய் போனதும் மற்றக் குழாய்களால் தாங்க முடியவில்லை.

நம் பெட்டியில் பெயின்ற் இல்லை, அண்டர்கட்தான். ஆள் இறக்கவில்லை, ஏழெட்டு மூட்டை வெங்காயம் வீதியில் உருண்டது. ஆனால் வெடிப்புக்குப் பெட்டியும் தெரியாது மேடையும் தெரியாது. இழுபடும் இரும்பு, அதன்மேல் ஒரு ஒட்டு. அதற்கு இது போதும்.

ஒரு கொப்பித் தாள் கணக்கு

வெடிப்பு எவ்வளவு வேகமாக வளரும் என்பதற்கு 1960களின் தொடக்கத்தில் பால் பாரிஸ் என்ற அமெரிக்கர் ஒரு எளிய உறவைக் காட்டினார். சுமை ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு வெடிப்பு நகரும் தூரம், வெடிப்பின் நுனியில் சுமை ஏறி இறங்கும் அளவின் ஏதோ ஒரு அடுக்கோடு போகிறது. உருக்குக்கு அந்த அடுக்கு சுமார் மூன்று. நுனியின் சுமையோ, தகைப்பையும் (இரும்பின் வெட்டுமுகப் பரப்பில் அலகுக்கு விழும் விசை) வெடிப்பின் நீளத்தின் வர்க்கமூலத்தையும் பொறுத்தது. அவ்வளவுதான். பி.எஸ். 7910 என்ற பிரித்தானியத் தரம் சாதாரண உருக்குக்குக் கொடுக்கிற மாறிலியை எடுத்து, வடிவக் காரணியை ஒன்று என்று வைத்து, கொப்பித் தாளில் போட்டோம். பள்ளத்தில் விழுந்தெழும்பும்போது தகைப்பு 60 மெகாபாஸ்கல் ஏறி இறங்குகிறது, தொடக்கக் கீறல் அரை மி.மீ., 40 மி.மீட்டரில் முறிவு. உண்மையான மூட்டு இதைவிடக் கறாரானது, ஒட்டின் ஓரத்தில் தொடக்கம் இன்னும் வேகமாகப் போகும். ஆனாலும் போக்குப் புரியும்.

மொத்த ஆயுள் சுமார் 40 இலட்சம் சுற்று. அதில் அரை மி.மீட்டரிலிருந்து 1 மி.மீட்டர் ஆவதற்கே 13 இலட்சம் போய்விடுகிறது. 5 மி.மீ. ஆகும்போது 31 இலட்சம் முடிந்துவிட்டது. 20 மி.மீட்டரிலிருந்து 40 ஆவதற்கு வெறும் 2 இலட்சம்.

மண் அப்பிய அடிப்பக்கத்தில், சும்மா குனிந்து பார்க்கும் கண்ணுக்கு 20 மி.மீ. வெடிப்புத் தெரிந்தால் அதிர்ஷ்டம். அதாவது ஆயுளின் கடைசி இருபதில் ஒரு பங்கு மட்டுமே நமக்குத் தெரியும் காலம். "நேற்றுக்கூடப் பார்த்தனான், ஒண்டுமில்லை" என்று தோட்டக்காரர் சொன்னதில் பொய்யே இல்லை.

இரண்டாவது கணக்கு முதல் பழுதுபார்ப்பைப் பற்றியது. வெடிப்பைக் கிரைண்டரால் முழுதாகத் தோண்டி எடுக்காமல் மேலே ஒட்டினால், உள்ளே ஒரு பகுதி புதைந்து கிடக்கும். 3 மி.மீ. புதைந்தது என்று வைத்தால் புதிய ஆயுள் பழையதின் மூன்றில் ஒன்று. நாலு வருடத்தின் மூன்றில் ஒன்று பதினாறு மாதம், கிடைத்ததோ ஒன்பது. மீதியை எது தின்றது?

மூட்டைகள் தின்றன. தோட்டக்காரரே ஒத்துக்கொண்டார்: "பெலமா ஒட்டித்தானே கிடக்கு எண்டு கொஞ்சம் கூடத்தான் ஏத்தினனான் தம்பி." அடுக்கு மூன்று என்பதால் தகைப்பு இரட்டித்தால் ஆயுள் எட்டில் ஒன்று. சுமை கூட்டினவனுக்கு அது கணக்காகத் தெரியாது. பெட்டி அன்றைக்கு முறியவில்லை, நாளைக்கும் முறியவில்லை, ஆகவே தாங்குகிறது என்றுதான் தெரியும். அடியில் வைத்த தகடும் உதவியதைவிடக் கெடுத்தது. அது சட்டத்தின் ஒரு துண்டை விறைப்பாக்கியது. தகடு முடியும் இடத்தில், கொழுக்கிக்குப் பக்கத்தில், வளைவு முழுவதும் வந்து குவிந்தது.

விமானக்காரர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்

பட்டறைக்கு வந்து போகிறவர்களில் ஒருவர் கேட்டார்: "சென்னையிலயிருந்து பலாலிக்கு வாற பிளேனும் இப்பிடி ஒட்டினதுதானோ?" இல்லை. ஏ.டி.ஆர். 72 போன்ற விமானத்தின் உடலில் ஓடும் வரிசை வரிசையான புள்ளிகள் ரிவெட் தலைகள், தகடுகளைத் துளையிட்டு இணைக்கும் ஆணிகள். விமான உடலுக்கு வழக்கமாகப் போடும் 2024, 7075 அலுமினியக் கலவைகளை உருக்கி ஒட்டினால் ஆறும்போதே வெடிக்கும். அதுதான் ரிவெட்டுக்கு முதல் காரணம். ஆனால் ரிவெட் தெரியாமலே இன்னொரு நன்மையும் செய்தது.

பனையோலைக் கடகத்தையும் தறப்பாளையும் நினைத்துப் பாருங்கள். கடகத்தில் ஒரு ஈர்க்கு அறுந்தால் பக்கத்து ஓலை தாங்கும். தறப்பாளில் ஒரு கிழிசல் விழுந்தால் காற்று அதை மறு ஓரம் வரை கொண்டுபோகும். ரிவெட் அடித்த உடலில் வெளித் தோல் ஒரு துண்டு, உள்ளே நீளவாக்கில் ஓடும் விறைப்புச் சட்டம் இன்னொரு துண்டு. தோலில் ஓடும் வெடிப்பு சட்டத்தின் அடியால் போகும்போது சட்டம் உடையாமல் நின்று சுமையை வாங்கிக்கொள்கிறது, வெடிப்பின் வேகம் விழுகிறது. இரண்டையும் ஒட்டி ஒரே உலோகமாக்கினால் வெடிப்பு சட்டத்துக்குள்ளேயே ஏறிவிடும். நம் சனலின் கீழ் விளிம்பிலிருந்து நடுத் தகட்டுக்கு ஏறியதே, அதே போல.

இருந்தும் ஒட்டுகிறார்கள். எடை குறையும், ரிவெட் துளை ஒவ்வொன்றும் ஒரு வெடிப்பின் தொட்டில் என்பதும் உண்மை. ஏர்பஸ் ஏ318இல் உடலின் அடிப்பகுதித் தகடுகளில் விறைப்புச் சட்டங்களை லேசரால் ஒட்டினார்கள், ஏ380இலும் அப்படியே. அதற்கு 6013, 6056 என்ற ஒட்டக்கூடிய கலவைகள். (நம் பட்டறையில் 6013 என்றால் வெல்டிங் குச்சி. வெறும் எண் ஒற்றுமை, மருமகன் மட்டும் கொஞ்ச நேரம் சந்தோசப்பட்டான்.) அடிப்பகுதி என்பதைக் கவனியுங்கள். அங்கே சுமையில் நசுக்கும் பங்கு அதிகம், இழுக்கும் பங்கு குறைவு. ஒட்டை எங்கே வைப்பது என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். உருக்காமல், சுழலும் கம்பியால் உலோகத்தைப் பிசைந்து இணைக்கும் முறையும் உண்டு. 1991இல் இங்கிலாந்தின் வெல்டிங் ஆய்வு நிறுவனம் கண்டுபிடித்தது. எக்லிப்ஸ் 500 என்ற சிறிய ஜெட்டின் உடலை அப்படித்தான் செய்தார்கள்.

ஆனால் ஒட்டோ ரிவெட்டோ, விமானக்காரர்கள் எண்ணும் விதத்தையே மாற்றியது ஒரு போர் விமானம். 1969 டிசம்பர் 22, அமெரிக்காவின் நெவாடா. ஒரு எஃப்-111இன் இடது சிறகு பறக்கும்போதே கழன்றது. இரண்டு விமானிகளும் இறந்தார்கள். ஆயிரக்கணக்கான மணி பறக்கவென்று வடிவமைத்த விமானம், அதுவரை பறந்தது நூற்றுச் சொச்சம் மணி. சிறகு பின்னோக்கித் திரும்பும் மூட்டு டி6ஏசி என்ற மிகு வலிமை உருக்கு. இரும்பை அடித்து வடிவமைத்தபோதே அதில் 23 மி.மீ. அகலத்தில் ஒரு குறை விழுந்திருந்தது, அத்தனை சோதனையையும் தாண்டிப் போயிருக்கிறது. களைப்பால் அது வளர்ந்தது அரை மி.மீட்டருக்கும் குறைவு. அந்த உருக்குக்கு அவ்வளவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு எஃப்-111கள் ஒவ்வொன்றையும் பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகைக்குக் குளிரவைத்து, சிறகை வளைத்துச் சோதித்தார்கள். குளிரில் உருக்கு நொறுங்கும் தன்மை கூடும். பெரிய குறை இருந்தால் ஆகாயத்தில் முறியாமல் கூடத்திலேயே முறியட்டும். 1974இல் அமெரிக்க விமானப்படை புதிய விதி எழுதியது. புதிய விமானத்திலும், ஆபத்தான ஒவ்வொரு இடத்திலும், முதல் நாளே வெடிப்பு இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போடு. துளையின் மூலையில் 1.27 மி.மீ. என்பது அப்படி வைத்த ஓர் அளவு. 1978இல் பயணிகள் விமானங்களுக்கான விதியும் இந்தப் பக்கம் திரும்பியது. சேதம் தாங்கும் வடிவமைப்பு என்று இதைச் சொல்வார்கள்.

இதன் நடுவில் இருப்பது ஒரு கழித்தல் கணக்கு. வெடிப்பு நம் கருவிக்குத் தெரியத் தொடங்கும் நாளுக்கும் முறியும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு? அதை இரண்டாலோ மூன்றாலோ வகு. அதுதான் பரிசோதனைக்கு இடைவெளி. ஒரு தடவை கண்ணுக்குத் தப்பினாலும் அடுத்த தடவை பிடிபட வேண்டும். நான் வேலை செய்த காலம் முழுவதும் எனக்கு வந்த வேலை அட்டைகள் இப்படிப் பிறந்தவைதான். இந்த இணைப்பை இத்தனை பறப்புக்கு ஒருமுறை பார். ஏன் என்று அட்டையில் எழுதியிருக்காது.

பெட்டிக்கு ஒரு வேலை அட்டை

சரி, பெட்டிக்கு வருவோம். சனலில் முறிந்த துண்டை வெட்டி எறிந்து புதுத் துண்டு போட்டோம். புது இணைப்பை முன்னால், மெசினில் கொளுவும் இடத்துக்குக் கிட்டக் கொண்டுபோனோம், அங்கே வளைவு குறைவு. பக்கத் தகடுகளின் முனையை மீன் வால் போலச் சரித்து, ஒட்டை நீளவாக்கில் மட்டும் ஓட விட்டோம். கீழ் விளிம்புக்குக் குறுக்கே ஒரு ஒட்டும் இல்லை. ஒட்டு முனைகளைக் கிரைண்டரால் வழித்தோம், உரசல் கோடுகள் இழுபடும் திசையிலேயே போகும்படி. குறுக்கே உரசினால் அதுவும் ஒரு கீறல். மருமகனுக்கு இந்த வேலை பிடிக்கவில்லை, அழகான ஒட்டு வரியை அழிக்கிறேனாம்.

சட்டம் முறிந்தாலும் பெட்டி தனியே ஓடாமலிருக்க, பெட்டித் தளத்திலிருந்து மெசினுக்கு ஒரு சங்கிலி. போல்ட் போட்டது, ஒட்டியதல்ல.

அப்புறம் இடைவெளிக் கணக்கு. நாளுக்கு 20 கி.மீ., பத்து மீற்றருக்கு ஒரு குலுக்கல் என்று வைத்தால் 2000 சுற்று. வெறும் கண்ணால் பார்ப்பதென்றால் கையில் இருக்கும் காலம் 2 இலட்சம் சுற்று, பாதி 1 இலட்சம், ஐம்பது நாளுக்கு ஒரு தடவை. தோட்டக்காரர் இரட்டைச் சுமை ஏற்றினாரென்றால் அதே கணக்கில் ஆறு நாள். ஆறு நாளைக்கு ஒருக்கால் யார் குனிவார்?

ஆகவே பழைய ரயில்வே முறையைக் காட்டிக்கொடுத்தேன். இடத்தைத் துடைத்து மண்ணெண்ணெய் பூசிக் கால் மணி விட வேண்டும். நன்றாகத் துடைத்துவிட்டு, வெண்கட்டித் தூளை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லப் பூச வேண்டும். ஸ்பிரிட் காய்ந்ததும் வெள்ளை. வெடிப்பு இருந்தால் அதற்குள் ஒளித்திருந்த எண்ணெய் மெதுவாக ஊறி வெள்ளையில் மயிர்க்கோடாக வரும். முறிந்த பழைய துண்டில், முதல் பழுதின் அருகே செய்து பார்த்தோம். இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை. மருமகன் எழும்பப் போனான். பிறகு ஒட்டின் ஓரமாக ஒரு கருங்கோடு, 7 மி.மீ. இருக்கும். தகட்டின் முனையில், அவனே சுற்றி ஒட்டிய இடத்தில். கொழுக்கி முந்தியிராவிட்டால் அடுத்த முறிவு அங்கே. அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இந்த முறையில் 5 மி.மீ. பிடிபடும் என்று வைத்தால் கையில் இருப்பது 9 இலட்சம் சுற்று. பாதியாக்கி, இரட்டைச் சுமைக்கு எட்டால் வகுத்தால் ஏறக்குறைய ஒரு மாதம். சட்டத்தின் அடிப்பக்கத்துக்கு வெள்ளைப் பெயின்ற் அடித்தோம். இடையில் வெடிப்பு வந்தால் துருக்கோடு தானே காட்டிக்கொடுக்கும். "மாதம் முதல் ஞாயிறு வெண்கட்டி" என்று பெட்டியின் பக்கப் பலகையில் மருமகன் எழுதிவிட்டான்.

பெட்டியை எடுக்க வந்த தோட்டக்காரர் சுற்றிப் பார்த்தார். சங்கிலி அவருக்குப் பிடித்தது. வெள்ளைப் பெயின்ற் மண்ணுக்கு நிற்காது என்றார். கடைசியாக, "கொழுக்கி எங்க தம்பி?" என்று கேட்டார்.

தண்ணீர்க் கான் இப்போது பக்கப் பலகையில் தும்புக் கயிற்றில் தொங்குகிறது.